சவரிமுத்துவின் மறைவு

மொந்தால்வா என்ற ஊரில் காற்று வீசுவது சேதியே இல்லை, நின்றால்தான் சேதி. ஸ்பெயின் தேசத்தின் வடக்கே, எப்ரோ ஆறு ஓடுகிற பெருவெளியில், இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே இருக்கும் சந்து வழியாக சியெர்ஸோ என்ற குளிர்காற்று வருஷத்தில் பாதிக்கு மேல் வீசிக்கொண்டே இருக்கும். அது வீசி வீசி அந்த ஊர் வாதுமை மரங்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருந்தன, பெண்களெல்லாம் ஒரே பக்கமாக வகிடு எடுத்திருந்தார்கள், கோயில் கோபுரத்து இரும்புச் சேவல் வடமேற்கைத் தவிர வேறு திசை உண்டு என்பதையே மறந்து துருப்பிடித்துப் போயிருந்தது.

அந்த ஊரில்தான், சவரிமுத்து இறந்து மாதப் பூசையும் முடிந்தபின் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பெரிய தெருவின் மாடிகளில் காயப்போட்டிருந்த துணிகள் ஒவ்வொரு வீடாகச் சட்டென்று அடங்கித் தொங்கின; ஒரு மூச்சு விடும் நேரம் தொங்கிவிட்டு, ஒவ்வொரு வீடாக மறுபடியும் படபடக்கத் தொடங்கின. ரொட்டிக்கடைக்காரி பாசிலிசா, ஈ வராமல் இருக்க வாசலில் தொங்கவிட்டிருந்த மணித்திரையின் சலசலப்பு நின்றதும், கடையில் யாரோ இறந்துவிட்டதைப் போலத் திடுக்கிட்டு மாவுக் கையோடு வெளியே வந்தாள். தெருவில் ஒருவரும் இல்லை. ஆனால் தெருவின் வலது ஓரமாக, சைக்கிள் போகிற வேகத்தில், ஓர் ஆள் அகலத்துக்குக் காற்றில்லாத இடம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் இரண்டு பக்கமும் தூசி பறந்தது, நடுவில் பறக்கவில்லை. அவள் கையை நீட்டிப் பார்த்தாள். முழங்கை வரை குளிர்ந்தது, உள்ளே போன விரல்கள் மட்டும் வெதுவெதுவென்று இருந்தன.

"ஹவியேர் ரவுண்டு போறார்" என்று எதிர்வீட்டு மாடியில் நின்றவரிடம் சொல்லிவிட்டு, மாவு பொங்கிவிடுமே என்று உள்ளே போய்விட்டாள்.

ஹவியேர் என்பது சவரிமுத்துதான். கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாயில், காற்றாலைத் தூண்களுக்குள் ஏணி பிடித்து ஏறி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். அந்த வேலையை அவர் அளவுக்குப் பயமில்லாமல் செய்கிறவர்கள் குறைவு என்று பார்த்து ஒரு கம்பெனி அவரைக் கடல் தாண்டி அழைத்து வந்து, மொந்தால்வாவுக்கு மேலே உள்ள மலைமுகட்டில் வரிசையாகச் சுழலும் விசிறிகளிடம் விட்டது. சவரி என்பது அந்தப் பக்கத்தில் பிறந்த புனித சவேரியாரின் பெயர் என்று பங்குச்சாமியார் கண்டுபிடித்துச் சொன்னதும், "அட, நம்ம பக்கத்து ஆளுதானே!" என்று ஊர் அவரை ஹவியேர் ஆக்கிக்கொண்டது. அவருடன் வந்த மனைவி பிரகாசியின் பெயரை மட்டும் யாரும் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளவில்லை. அவளை ஹவியேரின் மனைவி என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். மகள் ஜெனோவா நாகர்கோவிலில் படித்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே இருந்தாள்.

ஊர் எல்லையில் மாகாண அரசு நட்டு வைத்த பலகை ஒன்று உண்டு. சைக்கிளுக்கான வட்டப் பாதை, சிரமம் மிதம் என்று எழுதி, ஒரு வட்டம் வரைந்து, அதன் மேல் பார்க்கவேண்டிய இடங்களைக் குறித்திருந்தார்கள்: ரோமர்கள் கட்டிய பாலம், துறவிகள் போய்ச் செங்கால் நாரைகள் மட்டும் குடியிருக்கிற மடம், முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் மூர்கள் எழுப்பிய காவல் கோபுரம், குன்றின் மேல் மாதாவின் சிற்றாலயம், யாருக்காக நட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாத ஒரு கற்சிலுவை. வந்த வருஷமே சவரிமுத்து இரண்டு பழைய சைக்கிள்கள் வாங்கினார். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் இருவரும் கிளம்புவார்கள். பிரகாசி சுடிதார்க் காலைச் சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டு, தலையில் முக்காடு கட்டிக்கொண்டு, பாட்டி காலத்துப் போர்வை போல ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வருவாள். பாலம் தாண்டியதும் காற்று முகத்தில் அடிக்கும். அவர் திரும்பிப் பார்க்காமல் சொல்வார்:

"ஏட்டி, காத்துல வராத. எனக்க மறைவுல வா."

அவள் அவருடைய பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொள்வாள். அவர் அகலமான ஆள். அந்த முதுகுக்குப் பின்னால் குளிர் கிடையாது, சத்தம் கிடையாது, மிதிப்பது கூடப் பாதி மிதித்தால் போதும். இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம். அவருடைய சட்டையில் வேர்வை எந்த இடத்தில் தொடங்கி எந்த வடிவத்தில் பரவும், ஏற்றத்தில் எந்தத் தோள் முதலில் இறங்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஜெனோவா ஒருநாள் போனில், "எம்மா, அந்தக் கோபுரம் எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டபோது மட்டும் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எத்தனையோ ஞாயிறு அதைக் கடந்திருக்கிறாள், பார்த்ததெல்லாம் முதுகுதான்.

ஒரு பிப்ரவரி மாதக் காலையில் சவரிமுத்து ஷூ நாடா கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, வந்து என்ன. ஊருக்கு வெளியே, கற்சிலுவைக்கு அருகில் பிரிகிற மண்பாதையின் முடிவில், சைப்ரஸ் மரங்கள் காவல் நிற்கிற கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். நாகர்கோவிலில் ஜெனோவா அடித்து ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் போனில் படமாக அனுப்பியிருந்தாள். எங்கள் அன்புத் தந்தையாரின் மறைவு என்று அதில் இருந்தது. பிரகாசி அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜன்னல் பலகைகளையெல்லாம் இறக்கிச் சாத்தினாள். அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. மொழி தெரியாத ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்து, ஊரெல்லாம் சிநேகம் பிடித்துக்கொண்டு, கடைசியில் தன்னை இந்தக் காற்றில் விட்டுவிட்டு அவர் மட்டும் போய்விட்டாரே என்ற கோபம். அவள் பூசைக்கும் போகவில்லை, கடைக்கும் போகவில்லை. பாசிலிசா வாசல் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போகும் ரொட்டியை எடுக்க மட்டும் கதவைத் திறப்பாள்.

அதற்குள் ஊர் தன் ஞாயிற்றுக்கிழமைகளைச் சவரிமுத்துவின் மறைவுக்குத் தக்கபடி அமைத்துக்கொண்டுவிட்டது. புகை பிடிக்கிறவர்கள் அது வரும் நேரம் பார்த்துத் தெருவோரம் நின்று ஒரே தீக்குச்சியில் பற்றவைத்துக்கொண்டார்கள். தேனீ வளர்க்கிற குடும்பம் கூடுகளைப் பாதையோரம் கொண்டுவந்து வைத்தது. தேனீக்கள் மறைவுக்குள் புகுந்து ரோமர் பாலம் வரை கூடவே போய்ப் பூவெடுத்து, அடுத்த சுற்றுக்குக் காத்திராமல் காற்றோடு திரும்பின. முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கும் சிறுமிகளை அவர்களுடைய தாய்மார்கள் மறைவில் நிறுத்தி, முக்காடு பறக்காமல் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். பேப்பர் படிக்கிறவர்கள் அந்த ஒரு கணத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினார்கள். பங்குச்சாமியார் இது ஆன்மாவா அல்லவா என்று தீர்ப்புச் சொல்ல மறுத்தார். ஆனால் ஈஸ்டர் ஞாயிற்றில் மெழுகுவர்த்தி ஏந்தியவர்களை அது வருகிற நேரத்துக்குத்தான் கிளப்பிவிட்டார், அந்த ஊர்ச் சரித்திரத்தில் முதல் தடவையாக ஒரு சுடர் அணையாமல் கோயில் வந்து சேர்ந்தது. மேயர் ஃபெர்மின் மாகாண அலுவலகத்துக்குப் போன் போட்டு, பலகையில் இதையும் ஒரு பார்க்கவேண்டிய இடமாகச் சேர்க்கச் சொன்னார். பார்க்கவேண்டிய இடம் என்றால் அது ஓரிடத்தில் இருக்கவேண்டும், இப்படிச் சுற்றிக்கொண்டு திரியக்கூடாது என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

பலகை இல்லாமலே நகரத்துச் சைக்கிள்காரர்கள் கேள்விப்பட்டு வந்தார்கள். இறுக்கமான வண்ணச் சட்டை, பளபளக்கும் ஹெல்மெட், தும்பைப் பூ எடையில் சைக்கிள்கள். மறைவுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள ஒருவரை ஒருவர் தோளால் இடித்துக்கொண்டார்கள். மூடிக் கிடந்த மதுக்கடை திறந்தது, சத்திரத்தில் இடமில்லாமல் போயிற்று. வந்தவர்களுக்கு ஒரே ஒரு குறை: இந்த மறைவு மிகவும் மெதுவாகப் போகிறது. குன்றின் ஏற்றத்தில் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. பின்னால் யாரோ தள்ளாடி வருவதைப் போலச் சற்றே வலப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது, பிறகு போகிறது.

இதையெல்லாம் பிரகாசி அறியமாட்டாள். வைகாசி வெயில் ஏறிய ஒரு சனிக்கிழமை பாசிலிசா ரொட்டியை வாசலில் மாட்டாமல் கதவைத் தட்டினாள். கல்யாணம் செய்துகொள்ளாமல், அடுப்பைத் தவிர வேறு துணையில்லாமல் வாழ்ந்தவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"உள்ளே வரலாமா? வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்து, இருட்டில் நாற்காலியைத் தடவி உட்கார்ந்து, மூன்று மாதமாக ஊரில் நடப்பதையெல்லாம் சொன்னாள்.

 பிரகாசி தனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துக் கேட்டாள். "ஊர்ல எல்லாரும் பாத்தாச்சு. நான் மட்டும் இல்லை. அப்படியா?"

"நீ கதவைத் திறந்தாதானே பார்க்கிறதுக்கு?"

"நீ உள்ளே நின்னியா?"

பாசிலிசாவின் முகம் அந்த இருட்டிலும் சிவந்தது தெரிந்தது. "ஒவ்வொரு ஞாயிறும் நிக்கிறேன். ஒரு மூச்சு நேரம். வாரம் முழுக்க எனக்குக் கிடைக்கிற துணை அவ்வளவுதான், பிரகாசி, அதை நான் உன்கிட்டே மறைக்க மாட்டேன்." பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த ஊரில் பிரகாசியைப் பெயர் சொல்லி ஒருவர் கூப்பிட்டது அப்போதுதான். "ஆனா ஒண்ணு கேளு. அவர் கிளம்புறது எங்கேருந்துன்னு நினைக்கிறே? உன் வாசல்லேருந்து. வாசல் கேட் பக்கத்துல அவ்வளவு நேரம் நிக்கிறார், நாங்க பார்த்துக்கிட்டுதான் இருக்கோம். அப்புறம்தான் போறார். ஏத்தத்துல வேகத்தைக் குறைக்கிறார். அங்கே எங்களுக்கு யாருக்கும் அது தேவையில்லை. யாருக்காகக் குறைக்கிறார்?"

அவள் போனபிறகு பிரகாசி கொட்டகையைத் திறந்து தன் சைக்கிளை வெளியே எடுத்தாள். டயர்கள் சப்பிக் கிடந்தன. காற்றடிக்கிற பம்பைப் பிடித்து அழுத்த அழுத்த, அதுவரை வராத அழுகை வந்தது. மூக்கை முக்காட்டில் துடைத்துக்கொண்டு அடித்து முடித்தாள்.

மறுநாள் முதல் பூசை முடிந்து மணி அடித்ததும் கதவைத் திறந்தாள். வாசலில் காற்றில்லை. தெரு முழுக்கச் சியெர்ஸோ ஊளையிட்டுக்கொண்டிருக்க, கேட்டுக்கு முன்னால் மட்டும் ஓர் ஆள் அளவுக்கு அமைதி நின்றுகொண்டிருந்தது. தூரத்தில் நகரத்துக்காரர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றிக் காத்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டார்கள். அவள் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். மறைவு நகர்ந்தது.

 பாலம் தாண்டியதும் அவள் திட்டத் தொடங்கினாள். "ஷூ கட்ட என்ன அவசரம் உங்களுக்கு? கூப்பிட்டிருந்தா நான் கட்டிவிட மாட்டேனா? வெந்நீர் மெஷின் ஓடல, யாருக்கிட்ட சொல்ல, எப்படிச் சொல்ல? ஒங்களுக்கு ஊர் முழுக்க ஆளு, எனக்கு யாரு இருக்கா?" மடம் வரும்வரை திட்டினாள். உயிரோடு இருந்தபோதும் சைக்கிளில் மறைவுல வா என்பதற்கு மேல் அவர் பேசியதில்லை. மடத்தின் வளைவில் திட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் போய்த் தலையை நிமிர்த்தினாள்.

அப்போதுதான் முன்னால் முதுகு இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. எதிரே எல்லாம் திறந்து கிடந்தது. இடிந்த மடத்தின் ஒவ்வொரு வளைவிலும் நாரைகள் ஒற்றைக்காலில் நின்று அலகைக் கடகடவென்று தட்டின. அதைத் தாண்டி மஞ்சள் கோதுமை, அதைத் தாண்டி மூர்களின் கோபுரம், தேனில் ஊறிய பணியாரத்தின் நிறத்தில், உச்சியில் ஒரு பக்கம் உடைந்து. இத்தனை அழகை இத்தனை வருஷம் தன்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தது அவருடைய முதுகுதான் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த மறுகணமே, அந்த அழகையெல்லாம் எடுத்துக்கொண்டு முதுகைத் திருப்பித் தரமாட்டார்களா என்று இருந்தது. குன்றின் ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மறைவு வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, அவள் வந்து சேரும்வரை நின்றது.

அதன்பிறகு ஒரு ஞாயிறும் அவள் தவறவில்லை. ஊரும் தன் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை; அவள் போகும்போது கூடவே தீக்குச்சிகள் கிழிந்தன, தேனீக்கள் ஏறி இறங்கின, பாசிலிசா மாவுக் கையோடு வாசலில் நின்று ஒரு மூச்சு உள்ளே இழுத்துக்கொண்டாள். நகரத்துக்காரர்கள் மட்டும் வாரத்துக்கு வாரம் பெருகினார்கள். பிரகாசிக்குப் பின்னால் பிரார்த்தனை ஊர்வலம் போல நீண்ட வரிசை.

அந்தக் கோடையில் ஜெனோவா போன் செய்தாள். "எம்மா, எனக்கு இது மாசம் ஆறு. மாமியாருக்கு முட்டுவலி, அவங்களால ஒண்ணும் முடியாது. நீ அங்க ஒத்தைக்கு இருந்துக்கிட்டு என்னத்துக்கு? வந்துருமா."

"வாறேன் மக்ளே. ஒனக்க பேறுகாலத்துக்கு நான் வராம இருப்பேனா?"

"அப்போ டிக்கெட் போடட்டா?"

"போடு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தபின், ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு வெளியே நிற்கப்போகிற அமைதியை அவள் நினைத்தாள். கதவு திறக்கும் என்று எத்தனை வாரம் நிற்பாரோ.

அடுத்த ஞாயிறே அவள் அதைக் கவனித்தாள். மறைவுக்குள் காற்று கசிந்தது. முதலில் காதோரம் நூல் போல, பிறகு கழுத்தில் விரல் வைத்ததைப் போல. மறைவின் ஓரங்கள் நைந்துபோயிருந்தன. கோபுரத்துக்கு அருகில் அது நின்றது, ஏற்றமே இல்லாத இடத்தில். நின்று, மீண்டும் தொடங்கி, மீண்டும் நின்றது. மதிய மணிக்குள் முடிகிற சுற்று சாயங்காலம்தான் முடிந்தது. அதற்கடுத்த வாரம் அதைவிடத் தாமதம். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. துணி காயப்போடும் நேரத்தைத் தள்ளி வைத்தார்கள், மதுக்கடையில் சாயங்காலத்துக்கும் கூடுதல் நாற்காலி போட்டார்கள். பிரகாசி மட்டும் ஒருமுறை திரும்பிப் பின்னால் வருகிறவர்களைப் பார்த்தாள். கண்ணுக்கு எட்டின தூரம் வரை சைக்கிள்கள். அத்தனை பேரும், அவளும்தான், ஒரே மனிதனின் முதுகில் ஒண்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். யாரும் ஒருமுறையாவது முன்னால் போய் அவரைப் பின்னால் வரச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் மதுக்கடைக்குப் போனாள். அந்த வாசலை அவள் தனியாக மிதித்தது அதுவே முதல்முறை. 

"நாளைக்கு நான் அவரை நிறுத்தப்போறேன்" என்றாள். "அவர் களைச்சுப்போயிட்டார்."

மேயர் ஃபெர்மின் எழுந்து வந்து அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். கெட்ட மனிதர் அல்ல; ஊர் பிழைக்கவேண்டும் என்று நினைக்கிறவர். "அம்மா, உங்க துக்கம் எங்களுக்கும் துக்கம்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்தக் காவல் கோபுரம் ஒரு குடும்பத்துச் சொத்து, சும்மா பார்க்க எல்லாரும் வர்றாங்க, அவங்க வேண்டாம்னு சொல்றதில்லையே. ஹவியேரும் இப்போ இந்தப் பாதையோட சேர்ந்தவர். செப்டம்பர் திருவிழா வரைக்குமாவது பொறுங்க."

"கோபுரத்துக்கு மூச்சு வாங்காது" என்றாள் பிரகாசி.

 யாரோ இருமினார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த பாசிலிசா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரகாசி வெளியே வந்ததும் அவள் பின்னாலேயே வந்தாள். கோயில் சுவர் ஓரம் காற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருவரும் நின்றார்கள்.

"நிறுத்திட்டா அவர் வரவே மாட்டாரா?" என்று பாசிலிசா கேட்டாள்.

"வரமாட்டார்."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிக்கல. அவருக்கு வலிக்குது, அது மட்டும் தெரியுது."

பாசிலிசா மூக்கை உறிஞ்சினாள். "அப்போ அந்த நகரத்துக்காரங்களை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

மறுநாள் அவள் கடையைத் திறக்காமல் ஊர் எல்லைப் பலகைக்கு அடியில் போய் நின்றாள். வந்த சைக்கிள்காரர்களை எல்லாம் நிறுத்தி, இன்று ஹவியேர் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறார், சிற்றாலயத்தில் போய்க் காத்திருங்கள் என்று, வாழ்க்கையில் ஒரு பொய்யும் சொல்லாத முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். அவர்கள் நம்பிப் போனார்கள். ஆகவே பிரகாசியும் மறைவும் மட்டும், யாரும் பின்தொடராமல், ஊரை விட்டு வெளியே வந்தார்கள்.

அன்று சியெர்ஸோ மிகவும் பலமாக இருந்தது. மறைவு நடுங்கியது. பாலம் தாண்டி, மடம் தாண்டி, கோபுரத்துக்கு அருகில் அது நின்றபோது அவளும் நின்றாள். அது மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்தாள். குன்றுக்கு ஏறும் பாதையில் நகரத்துக்காரர்கள் இருப்பார்கள் என்பதால் திராட்சைத் தோட்டத்துக் குறுக்குச் சாலையில் திரும்பவேண்டும். எப்போதும் வட்டத்தை விட்டு விலகாத மறைவு நேராகப் போகப் பார்த்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, இடப்பக்கம் விலகி, மிதியை அழுத்தி, முன்னால் போனாள்.

கதவு ஒன்று முகத்தில் அடித்துச் சாத்தியதைப் போல இருந்தது. முக்காடு கழன்று பறந்தது. கண்ணில் நீர் நிறைந்து சாலை தெரியவில்லை. இந்தக் காற்றையா இத்தனை வருஷமும் அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் நெஞ்சில் வாங்கிக்கொண்டு போனார் என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்துப் பயனில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"ஜெனோவாக்கப்பா" என்று காற்றுக்குள் கத்தினாள். "முன்னால நான் போறேன். நீங்க ஒட்டிப் பின்னால வாங்க."

கொஞ்ச தூரம் ஒன்றும் இல்லை. பிறகு, முதுகில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த கம்பளிச் சட்டை அடங்கியது. நெஞ்சில் பனிக்கட்டி, முதுகில் வெதுவெதுப்பு. அவள் குனிந்து மிதித்தாள். முழங்கால்கள் கெஞ்சின, நுரையீரல் எரிந்தது, இரண்டு முறை சைக்கிள் ஓரத்துக்குத் தள்ளாடியது. மெதுவாகப் போனால் அவருக்குக் காற்று பட்டுவிடும் என்று பயந்து வேகத்தைக் குறைக்காமல் மிதித்தாள். கற்சிலுவை வந்தது. பெரிய சாலையை விட்டு மண்பாதையில் திரும்பினாள். சைப்ரஸ் மரங்கள் வளைந்து வளைந்து நிமிர்ந்தன.

கல்லறைத் தோட்டத்துக் கம்பிக் கதவைத் தள்ளித் திறந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டே உள்ளே போனாள். சவரிமுத்துவின் கல்லுக்கு முன்னால் நின்று, மூச்சு திரும்பும்வரை சைக்கிளில் சாய்ந்துகொண்டாள். பிறகு, ஊரில் பஸ் நிலையம் வந்ததும் தூங்குகிறவரை எழுப்புகிற குரலில் சொன்னாள்:

"போதும். எறங்குங்க."

கல்லைச் சுற்றி இருந்த புல் அடங்கியது. தோட்டம் முழுக்கப் புல் தரையோடு தரையாகச் சாய்ந்து அலைபாய, அந்த ஓர் ஆள் நீளத்துக்கு மட்டும் புல் நேராக நின்றது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஜெனோவா உண்டாகியிருப்பதைச் சொன்னாள். டிக்கெட் போட்டிருப்பதைச் சொன்னாள். கோபுரம் நன்றாக இருக்கிறது, ஒரு பக்கம்தான் உடைந்திருக்கிறது என்று சொன்னாள். சொல்வதற்கு வேறொன்றும் இல்லாமல் போனபிறகும் இருந்தாள். வெயில் சாய்ந்தபோது, கால் பக்கத்திலிருந்து ஒரு புல் அசைந்தது, பிறகு அதற்கடுத்தது, மெல்ல மெல்ல, தூங்குகிற ஆளுக்குப் போர்வையை இழுத்து விடுவதைப் போல, காற்று அவர் மேல் ஏறித் தலைவரை மூடியது. எல்லாப் புல்லும் ஒன்றுபோலச் சாய்ந்தன. அவள் எழுந்து, காற்றுக்கு எதிராகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

ஊர் கோபித்துக்கொள்ளவில்லை; அற்புதத்துக்குப் பழகியதைப் போலவே அது இல்லாமலும் பழகிக்கொண்டது. நகரத்துக்காரர்கள் கொஞ்ச நாள் வந்து, தேடி, வராமல் போனார்கள். சத்திரம் பூட்டப்பட்டது. ஃபெர்மின் அவளைத் தெருவில் பார்த்தபோது தொப்பியைக் கழற்றினார், அது காற்றில் பறந்துபோய் அவரே ஓடிப்போய் எடுக்கவேண்டியதாயிற்று.

விமானம் ஏறுவதற்கு முந்தின ஞாயிறு பிரகாசி சைக்கிளை எடுத்தாள். முதல் பூசை முடிந்து மணி அடித்ததும் கிளம்பி, முழு வட்டத்தையும், ஒரு அடி குறைக்காமல், தனியாகச் சுற்றினாள். பாதி தூரம் நெஞ்சோடு காற்று, பாதி தூரம் முதுகில் காற்று. ஏற்றத்தில் இறங்கித் தள்ளினாள். ஒரு இடத்தில் உட்கார்ந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்றாள். ஊருக்குள் நுழையும்போது பிற்பகல் ஆகியிருந்தது. பாசிலிசா கடை வாசலில், மாவுக் கையோடு, பழக்கம் விடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டாள்.

பிரகாசி சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். உதடு வெடித்திருந்தது, தலைமுடி எல்லாப் பக்கமும் நின்றது.

"காத்து முழுசா இருக்கு" என்றாள்.

பாசிலிசா தலையசைத்தாள். அவள் கையிலிருந்த மாவு பறந்து பிரகாசியின் கறுப்புச் சட்டையில் படிந்தது. இரண்டு பேரும் உள்ளே போகாமல் காற்றிலேயே நின்றார்கள்.